நாற்பது சென்ட்டும் ஒரு சட்டியும்

ஜூலை 4, சனி

வக்கீலம்மா சொன்னபடி இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன். "தினமும் தேதி போட்டு நடந்ததை எழுதி வையுங்க. பின்னால கோர்ட்டு கேஸுன்னு வந்தா உதவும்" என்றார். ஆக, இதைப் படிக்கப்போகிறவர் ஒரு நீதிபதியாக இருக்கலாம். ஐயா, அல்லது அம்மா, வணக்கம். தேவையில்லாத இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். நான் டெலிபோன் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்து, ஊரார் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டே சம்பளம் வாங்கியவள். எது தேவையான பேச்சு, எது தேவையில்லாத பேச்சு என்று பிரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பெயர் சண்முகவடிவு. வயது ஐம்பத்தைந்து. கணவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷம். ஒரே மகள் சுபா, பெங்களூரில் வேலை, வருகிற ஆவணியில் கல்யாணம். விலாசம்: நேற்றுவரை திருநெல்வேலியில் வாடகை வீடு. இன்று முதல் தென்காசிக்கு மேற்கே அப்பா ஊரில், நாற்பது சென்ட் பொட்டல் நடுவில் ஒரு நீலக்கலர் கூடாரம்.

அப்பா மாசியில் இறந்தார். இரண்டு ஏக்கரில் மேற்கே நாற்பது சென்ட்டை மட்டும் என் பெயருக்கு உயில் எழுதியிருந்தார். மீதி நிலம், கிணறு, வீடு எல்லாம் அண்ணன் சங்கரலிங்கத்துக்கு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அண்ணனுக்குத்தான் அந்த நாற்பது குறைகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அப்பா என்னதான் எழுதி வைத்தாலும், பெண்பிள்ளையானவள் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் 'எனக்கு வேண்டாம்' என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அண்ணன் எடுத்துக் கொடுக்கும் பட்டுச்சேலையை வாங்கி, மூக்கைச் சிந்தியபடி பஸ் ஏற வேண்டும். நான் சேலையைக் கேட்காமல், நிலத்தை அளந்து கல் நட்டுத் தரும்படி மனுக் கொடுத்துவிட்டேன். பதினைந்தாம் தேதி சர்வேயர் வருகிறார்.

இன்று காலை பையோடு போய் நின்றேன். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டான்.

"கையெழுத்துப் போடுதியா, உள்ள வா. ஆயுசுக்கும் இருந்து சாப்பிடு. பங்குதான் வேணும்னா பங்குல போயி இரி."

"எந்தப் பங்குல?"

"அந்தா மேக்க கெடக்குல்லா பொட்டலு, அங்கன. திங்கக்கெழம டிராக்டர் வருது. உழுது வாழ வைக்கப்போறேன். நீ போயி நடுவுல குத்தவச்சுக்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் பக்கத்து வயல் மந்திரம் அண்ணாச்சி, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அந்த வழியாக வந்தவர், காதால் கேட்டார். சாட்சி. நான் அடுத்த பஸ்ஸில் திருநெல்வேலி போய், சுபா மலையேறுகிறேன் என்று வாங்கி, ஒரே ஒரு மலை ஏறிக் காலைப் பிசக்கிக்கொண்டு, என் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிட்டேன். கூடாரத்தை நானும் அண்ணாச்சியும் நிமிர்த்த ஒன்றரை மணி நேரம். மூன்று தடவை அது அவரைப் போர்த்திக்கொண்டது.

மூட்டைக்குள் ஒரு சின்னச் சட்டி. நீளக் கைப்பிடி, இரண்டு உள்ளங்கை அகலம். தோசைக்கல்லுக்குத் தம்பி, வாணலிக்குத் தங்கை. காகிதம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

ஜூலை 5, ஞாயிறு

மூன்று கல், நாலு சுள்ளி, ஒரு சட்டி. பளபளவென்று இருந்ததால் எவர்சில்வர் என்று நினைத்து, எண்ணெய் விட்டு முட்டையை உடைத்து ஊற்றினேன். முட்டை சட்டியோடு சம்பந்தம் பேசி முடித்துவிட்டது. சுரண்டினேன். கரண்டிதான் வளைந்தது.

மந்திரம் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "யம்மா, இது எவர்சில்வர் இல்லலா. துருப்பிடிக்கிற எஃகு. தோசக்கல்லு மாதிரி இதப் பழக்கணும். பழக்காத சட்டி சோறு போடாது."

"எப்படிப் பழக்க?"

"மேல பூசியிருக்க மெழுகு தீயிற மட்டும் வெறுஞ்சட்டியக் காய வைங்க. பொறவு கஞ்சித்தண்ணி ஊத்தி வைங்க. பொறவு எண்ணெய தடவித் தடவிச் சுடணும். கடைசில வெங்காயம். அவசரப்பட்டா வேலைக்காவாது."

சுபாவுக்குப் போன் போட்டேன். சட்டிக் கம்பெனிக்காரர்கள் இன்டர்நெட்டில் போட்டிருக்கிற குறிப்பில், நன்றாகக் கழுவி, எண்ணெயை ஈரம் தெரியாத அளவுக்குப் பூசித் துடைத்து, புகை அடங்கும்வரை சுட்டு, ஆறவைத்து, மறுபடி மறுபடி அதையே செய்யச் சொல்லியிருக்கிறதாம். அண்ணாச்சி சொன்னதுதான். கஞ்சியும் வெங்காயமும் விட்டுப்போயிருக்கிறது, இங்கிலீஷில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்தியானம் வாழைப்பழம். சாயங்காலமும் வாழைப்பழம்.

ஜூலை 6, திங்கள்

காலை எட்டு மணிக்கு டிராக்டர் வந்தது. நான் ஏழரைக்கே பொட்டலின் நட்டநடுவில் தீ மூட்டி, வெறுஞ்சட்டியைக் காயவைத்து உட்கார்ந்திருந்தேன். சட்டி முதலில் மஞ்சளானது, பிறகு கத்தரிப்பூ, பிறகு மயில் கழுத்து. இவ்வளவு அழகான ஒன்றை இருபத்தெட்டு வருஷ சர்வீசில் நான் பார்த்ததில்லை. அண்ணன் தூரத்து வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டிரைவர் நரைத்த மீசைக்காரர், மரியாதைப்பட்டவர். "யம்மா, கொஞ்சம் எந்திச்சுக்கிடுங்க. உழணும்."

"எந்திக்க முடியாதுங்கய்யா. சட்டி பழக்கிக்கிட்டு இருக்கேன். பாதில எறக்கினா கெட்டுப்போகும்."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"பதினஞ்சாந் தேதி மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

அவர் என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். வரப்பில் நின்ற அண்ணனைப் பார்த்தார். பிறகு வண்டியைவிட்டு இறங்கிவந்து குனிந்தார். "எண்ணெய மட்டும் கொறச்சுத் தடவுங்க. எங்க வீட்டுல நெறையா ஊத்திப் பிசுபிசுன்னு ஆயிட்டு" என்று சொல்லிவிட்டு டிராக்டரைத் திருப்பினார்.

"ஏய், எங்கலே போற?" என்று வரப்பிலிருந்து சத்தம்.

"சட்டி முடியட்டும் அண்ணாச்சி!"

கனம் கோர்ட்டார் கவனிக்கவும்: நான் யாரையும் தடுக்கவில்லை. சமைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7, செவ்வாய்

சாரல். குற்றாலத்துக்கு அது சீசன், அடுப்புக்கு அது எமன். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஊதுகுழல். தீ பிடிக்கவில்லை. சட்டியில் கஞ்சித்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு பிஸ்கட் தின்றேன்.

ஜூலை 8, புதன்

அண்ணன் மொபெட்டில் வந்தான். இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றபடியே ஒரு கத்தைத் தாளை நீட்டினான். விடுதலைப் பத்திரத்தின் நகல்.

"படிச்சுப் பாரு."

"படிக்கேன். நீ அங்கன நிக்காத, புகை மூஞ்சியில அடிக்கும். இந்தப் பக்கம் வா."

வந்தான். அறுபது வயதிலும், சொன்னால் நகருவான், சொன்னதைத்தான் செய்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல்.

"ஊரு சிரிக்குது வடிவு. சங்கரலிங்கம் கூடப்பொறந்தவளப் பொட்டல்ல போட்டுட்டான்னு பேசுதானுவ."

"நீதான இருக்கச் சொன்ன?"

"நான் சொன்னதெல்லாம் கேப்பியோ? படிக்கச் சொன்னேன், படிச்சியா? பத்தாங்கிளாசுல கணக்குல முப்பத்தாறு."

"முப்பத்தெட்டு."

"ரெண்டு மார்க்குக்குச் சண்ட போடுதா பாரு! வெளியூருல கட்டிக்குடுத்த பொண்ணுக்கு எதுக்குட்டி நெலம்? நாளைக்கி ஒம் மக எவனுக்காவது வித்துருவா. அவன் நடுவுல கம்பிவேலி போடுவான். எந் தண்ணி எப்படிப் போவும்?"

"தண்ணிக்கு வழி விடுதேன்னு எழுதித் தாரேன். நெலம் வேண்டாம்னு எழுதித் தர மாட்டேன்."

அவன் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அது பாதி கறுத்து, பாதி வெளுத்து, தேமல் விழுந்த முதுகு மாதிரி இருந்தது. பிறகு சட்டியிடமே பேசினான். "ஆடி பொறக்கதுக்கு முன்னால கையெழுத்து. இல்லன்னா ஒம் மக கல்யாணத்துல நான் வந்து நிக்கமாட்டேன். தாய்மாமன்னு பத்திரிகையில எம் பேரப் போடாத."

சுபாவின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவன் தாய்மாமன். அப்பா இல்லாத பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு கைதான். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் அதைப் பிடித்தான்.

அவன் போன பிறகும் வெகுநேரம் கண்ணில் புகை அடித்துக்கொண்டே இருந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று நீதிபதி விசாரிக்க வேண்டாம்.

ஜூலை 9, வியாழன்

அச்சாபீஸ் தாணு போன் பண்ணினான். "யக்கா, பத்திரிகை எல்லாம் ரெடி. தாய்மாமன் எடத்துல என்ன போட?"

"எடம் விட்டு வை."

"எவ்வளவு எடம்?"

"ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு."

"பதினாறாந் தேதி தாண்டிட்டுன்னா மிஷினு கோயில் கொடைத் திருவிழா நோட்டீசுக்குப் போயிரும். பொறவு ஆவணி வரைக்கும் என்னைத் தேடாதீங்க."

இன்றுதான் முதல் எண்ணெய்ப் பூச்சு. பூசியது பூசாத மாதிரித் துடைக்க வேண்டும். துணியால் துடைத்தால் நூல் ஒட்டுகிறது. முந்தானையால் துடைத்தால் முந்தானை போய்விடும். தேடிப் பார்த்ததில் கைக்குக் கிடைத்தது அந்த நகல் கத்தைதான். நல்ல தடிமனான தாள். 'யாருடைய வற்புறுத்தலுமின்றி என் முழு மனச் சம்மதத்துடன்' என்கிற பக்கம் எண்ணெயை மிக நன்றாகக் குடித்தது. கனம் கோர்ட்டார் கவனிக்கவும்: வெறும் நகல். முத்திரைத்தாள் இல்லை.

இன்று இரண்டு பூச்சு. இரண்டு பக்கம்.

ஜூலை 10, வெள்ளி

காலையில் எழுந்து பார்த்தால் கூடாரத்துக்கு வெளியே காய்ந்த புளிய விறகு ஒரு கட்டு. மந்திரம் அண்ணாச்சிக்கு நன்றி சொன்னேன். "நான் வைக்கலையேம்மா, எங்கிட்ட ஏது புளிய விறகு? வாழ மட்டதான் கெடக்கு" என்றார். தன்னடக்கம்.

இன்னொரு விஷயம். கிழக்கு வரப்பில் ஏழு பீடித்துண்டு. நேற்றும் ஐந்து கிடந்தது. ராத்திரி எவனோ வந்து உட்கார்ந்திருக்கிறான். வாழைக்குலைத் திருடனாக இருக்கும். ஆனால் அண்ணன் வீட்டு நாய், ஊரில் ஒரு இலை விழுந்தாலும் குரைக்கிற நாய், இரண்டு ராத்திரியும் மூச்சுக் காட்டவில்லை. நாய்க்குப் பழகின திருடன் போலிருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் பூச்சு, நான்காம் பூச்சு. சட்டி கறுக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. என் முகமும் அதே நிறத்துக்கு வந்துவிட்டதை அண்ணாச்சியின் பம்புசெட் கண்ணாடியில் பார்த்தேன்.

ஜூலை 11, சனி

இன்று ஒரு கொலை நடந்தது.

காலை பத்து மணிக்குப் பம்புசெட்டில் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் அடுப்புக்குப் பக்கத்தில் ஆவுடையம்மாள் மைனி, அண்ணன் பெண்டாட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். என் சட்டி நிலா மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"மைனி! என்ன செஞ்சிய?"

"தேய்ச்சேன். எப்படிக் கரி புடிச்சுக் கெடந்துச்சு! யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாவ, டெலிபோன் ஆபீசுல இருந்தவ சட்டிய. ஒரு மணி நேரமாத் தேய்க்கேன், என்னமாப் புடிச்சிருக்கு!"

"அது கரி இல்ல மைனி. நான் அஞ்சு நாளா உண்டாக்கினது."

மைனிக்கு விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. கறுப்பாக இருக்க வேண்டுமென்றே ஒருத்தி ஒரு பாத்திரத்தைக் கறுப்பாக்குவாள் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. எட்டியதும் அடக்க முடியாமல் சிரிப்பு. எனக்கும். இரண்டு பேரும் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்ததும் கேட்டேன், "எதுக்கு வந்திய?"

"ஒங்க அண்ணன் அனுப்பிச்சாவ. பைய எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு வான்னு. எனக்கு வாயே வரல. சும்மா இருக்கதுக்குச் சட்டியத் தேய்ப்பம்னு எடுத்தேன்."

"இப்ப சொல்லுங்க."

அவள் நாரைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "எனக்கு இருவத்திரண்டு வயசுல போட்டுக் குடுத்தேன், வடிவு. அண்ணந்தம்பி மூணு பேருக்கும். அரக்குப் பட்டு எடுத்துத் தந்தானுவ. பொறந்த வீட்டு வாசல் எப்பவும் தொறந்திருக்கும்னானுவ. போன தையில பெரியண்ணன் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை போன்ல வந்துச்சு. போன்ல! அதுவும் அவன் அனுப்பல. வேற எவனோ அனுப்பினத அப்படியே எனக்குத் தள்ளி விட்டுருக்கான்."

"நீங்க போனியளா?"

"அரக்குப் பட்டக் கட்டிக்கிட்டுப் போனேன். வாசல்ல ஒரு பொம்பள, மாப்பிள்ள வீடா பொண்ணு வீடான்னு கேட்டா."

அவள் எழுந்து புளியையும் நாரையும் மடியில் கட்டிக்கொண்டாள். "நீ போடாத. நான் சொன்னேன்னு சொல்லாத. நீ ஒத்துக்கலன்னு போயிச் சொல்லுதேன்."

ஐயா நீதிபதி, இந்தப் பக்கத்தை மட்டும் கோர்ட்டில் உரக்கப் படிக்க வேண்டாம்.

ஜூலை 12, ஞாயிறு

வெளுத்த சட்டி ஒரே சாரலில் துருப் பிடித்துக் காவி கட்டிவிட்டது. தேய்த்தேன். காய்ச்சினேன். கஞ்சி ஊற்றினேன். முதலிலிருந்து.

சாயங்காலம் ஒரு பூச்சு. பத்திரத்தில் இன்னும் மூன்று பக்கம் பாக்கி.

ஜூலை 13, திங்கள்

நாலு பூச்சு, இரண்டு பக்கம். இடது கையில் கொப்புளம். கோபத்தில் சுட்டால் சட்டி சீக்கிரம் கறுக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறேன். மந்திரம் அண்ணாச்சி சம்சாரம் கூடை நிறைய முட்டை அனுப்பினார்கள். ஒன்றை ஊற்றிப் பார்த்தேன். பாதி வந்தது. பாதி வரவில்லை. வந்த பாதியைத் தின்றேன்.

ஊர்ப்பேச்சு: நான் இங்கே புதையல் தோண்டுவதாகவும், சட்டியில் மை போடுவதாகவும் இரண்டு கட்சி. கறுப்பைப் பார்த்த மை கட்சிக்கு இன்று ஆள் கூடிவிட்டது. சங்கரலிங்கம் வீட்டுக்கு வெற்றிலையில் மை தடவி அனுப்பட்டுமா என்று பால்காரரிடம் கேட்டேன். அவர் பாலை வைத்துவிட்டு ஓடிப்போனார்.

ஜூலை 14, செவ்வாய்

சுபா பேசினாள். தாய்மாமன் விஷயத்தைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். தாணு சொல்லிவிட்டான். அச்சாபீசில் ரகசியம் சொன்னால் ஆயிரம் பிரதிதான் அடிப்பான்.

"மாமா வரலன்னா என்னம்மா? நானே நடந்து வருவேன். எனக்குக் கால் இருக்கு."

"அது மலையில பிசகின காலு."

"விளையாடாத. எனக்காகக் கையெழுத்துப் போட்டுராத. நாளைக்கி ஏதாச்சும் ஒண்ணுன்னா 'ஒனக்காகத்தான போட்டேன்'னு ஆயுசுக்கும் சொல்லிக் காமிப்ப. எனக்கு அது வேணாம்."

என் வயிற்றில் பிறந்ததற்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா?

"ஆனா மாமா இருந்தா நல்லாருக்கும்" என்று கடைசியில் சொல்லிவிட்டு, சத்தம் வேறு மாதிரி ஆவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

பத்திரத்தில் கடைசிப் பக்கம், கையெழுத்துப் போடுகிற பக்கம், அதில் மட்டும் எண்ணெய் துடைக்கவில்லை. காரணமென்று ஒன்றுமில்லை. பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஓடுகிறதா என்று பார்க்க 'சண்' என்பது வரை எழுதினேன். நன்றாகவே ஓடியது. அப்போது அந்த அரக்குப் பட்டு ஞாபகம் வந்தது. யார் வீட்டுக்காரி என்று வாசலில் நிறுத்திக் கேட்கப்பட்ட அந்தப் பட்டு. கையெழுத்தைப் போட்டவளுக்கும் அண்ணன் கிடைக்கவில்லை என்றால், நான் எதை விற்று எதை வாங்கப் பார்க்கிறேன்?

பேனாவை மூடிவிட்டேன். வெங்காயம் வதக்க வேண்டியிருந்தது.

ஜூலை 15, புதன்

இரவெல்லாம் தூறல். காலையில் விறகு ஈரம். பற்றவைக்க ஒரு காய்ந்த தாள் தேவைப்பட்டது. அந்தக் கடைசிப் பக்கம் 'சண்'ணோடு எரிந்தது.

பத்தரைக்கு சர்வேயர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அண்ணன் நேராக அவரிடம் போய், "எந் தங்கச்சி விட்டுக்குடுக்கேன்னு வாயால சொல்லிட்டா சார்" என்றான்.

"எந்த வாயால? இந்த வாயாலயா?" என்று நான் அடுப்படியிலிருந்தே கேட்டேன்.

சர்வேயர் உயில் நகலைப் படித்தார். கூடாரத்தைப் பார்த்தார். "எத்தனை நாளா இருக்கீங்க?"

"பன்னெண்டு நாளா. அவன்தான் இருக்கச் சொன்னான். சாட்சி இருக்கு."

மந்திரம் அண்ணாச்சி வாழைக்குள்ளிருந்து கையைத் தூக்கினார்.

அளந்தார்கள். சர்வேயரோடு வரவேண்டிய உதவியாள் லீவு. அதனால் நாடாவின் ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை அண்ணனிடமும் கொடுத்துவிட்டு அவர் நடுவில் நின்றார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு நானும் அவனும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தூரத்திலிருந்து கத்தினான்:

"இழுத்துப் பிடிட்டி! தொய்யுது பாரு! தொய்ஞ்சா ஒனக்குத்தான் கொறையும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் இழுத்துப் பிடித்தேன்.

நாலு மூலைக்கும் கல் நட்டாயிற்று. சர்வேயருக்கு ஒரு முட்டை ஊற்றினேன். கைப்பிடியைச் சாய்த்தேன். முட்டை வழுக்கிக்கொண்டு போய்த் தட்டில் இறங்கியது, சட்டியில் ஒரு பொட்டு ஒட்டாமல். "பழக்கின சட்டி" என்றார் சர்வேயர். அன்று முழுக்க அவர் சொந்தமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

"ஒனக்கு?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"சாப்பிட்டாச்சு." மணி பன்னிரண்டே கால். அவன் ஒரு மணிக்கு முன்னால் சோற்றைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை.

மொபெட்டை உதைத்துக் கிளப்பும்போது சொன்னான், "பேரப் போட்டுராத. சொல்லிட்டேன்."

ஜூலை 16, வியாழன்

தாணுவைக் கூப்பிட்டேன். "சங்கரலிங்கம், ஆவுடையம்மாள். ரெண்டு பேரையும் போடு."

"யக்கா, போட்டா எம் மேல கேஸ் போடுவேன்னு ஒங்க அண்ணன் போன்லயே சொன்னாவ."

"வரிசையில எனக்குப் பின்னால நிக்கச் சொல்லு. போடு."

ஆகஸ்ட் 3, திங்கள், ஆடிப்பெருக்கு

கல் நட்டதும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு திருநெல்வேலி வீட்டுக்கே வந்துவிட்டேன். பத்திரிகை நேற்றுதான் கைக்கு வந்தது. முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மேலே பத்திரிகை. ஒன்பது மணி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரி, "பொண்ணு பாக்கப் போறியளா?" என்றாள். "இல்ல, அண்ணன் பாக்கப் போறேன்" என்றேன்.

வாசலில் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. மைனி உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள், சேலையைச் சரிசெய்கிற பாவனையில்.

"போடாதன்னேன்லா?"

"சொன்ன."

"பொறவு எதுக்குப் போட்ட?"

"அண்ணே, விடுதலப் பத்திரம் நெலத்துக்குத்தான் உண்டாம். அண்ணனுக்குக் கெடையாதாம். வக்கீலம்மாட்ட கேட்டுட்டேன். நெலத்தையே நான் எழுதிக் குடுக்கல, ஒன்னிய மட்டும் எழுதிக் குடுத்துருவனா? வாரதும் வராததும் ஒம் பாடு. மாமன் நீதான். அது எம் பாடு."

தாம்பாளத்தை நீட்டியபடியே நின்றேன். கை வலித்தது. ஐம்பத்தைந்து வயதுக் கை, அதிலும் கொப்புளம் காய்ந்த கை. இறக்கவில்லை. மைனி ஒரு அடி முன்னால் வந்தாள். "நீ இரி" என்றான் அவளை. தாம்பாளத்தை அவன் வாங்கவில்லை. பத்திரிகையை மட்டும் இரண்டு விரலால், ஏதோ அடுத்த வீட்டுக்கு வந்த தபாலை எடுப்பதுபோல் எடுத்தான்.

கண்ணாடி போட்டுக்கொண்டான். முன்பக்கம் படித்தான். பின்பக்கம் திருப்பினான். அச்சாபீஸ் பெயரைக்கூடப் படித்தான். மறுபடி உள்ளே பிரித்து, ஒரு இடத்தில் விரலை வைத்து, அந்த விரலை எடுக்காமலே நெடுநேரம் இருந்தான்.

"ஏட்டி" என்றான் கடைசியில். "இம்புட்டுச் சின்ன எழுத்துல போட்டா எவன் கண்ணுக்குத் தெரியும்? மாப்பிள்ளயோட மாமன் பேரு மட்டும் எறும்புல்லாம் படிக்கிற அளவுக்குப் பெருசா இருக்கு?"

"அவுக அஞ்சு மாமன். எனக்கு ஒண்ணுதான். அடுத்த பொண்ணுக்குப் பெருசாப் போடச் சொல்லுதேன்."

"ஒனக்கு ஒரு பொண்ணுதானட்டி!"

"அப்ப இந்தக் கல்யாணத்துக்கே வந்துரு."

மைனி உள்ளே ஓடினாள். காப்பி டம்ளர்கள் உருளுகிற சத்தம் கேட்டது.

அண்ணன் பத்திரிகையை மடித்தான். சட்டைப்பையில் வைக்கப் போனவன், வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, குரலை ஏற்றிக்கொண்டான். "ஒண்ணு தெரிஞ்சுக்க. நெலத்த நான் விடமாட்டேன். கல்லு நட்டா ஆச்சா? கோர்ட்டுக்குப் போவேன்."

"தாராளமாப் போ. முகூர்த்தம் ஒம்போதரைக்கு. அன்னைக்கு மட்டும் வாய்தா வாங்கிக்க."